ஒரு குழந்தைக்கு ஒரு கோடு

ஞாயிறு மேற்றிசையில் சாய்ந்து, தன் கடைசிப் பொன்னை ஆற்றின் நெளிவுகளில் உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த பொழுது அது. ஆறு வளையும் இடத்தில், ஒருக்களித்துப் படுத்து அசைபோடும் ஆவினைப்போல் அமைந்திருந்த அந்நகரத்தின் மேல், ஆலைகளின் புகைபோக்கிகள் அன்றைய உழைப்பின் இறுதி மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருந்தன. கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் இடிமுழக்கத்தோடு இறங்க, பணி முடித்த மாந்தர் பைகளைத் தோள் மாற்றிச் சுமந்தபடி பாலத்தைக் கடக்க, விழா நெருங்கிவிட்டதால் வீடுதோறும் அடுப்புகள் ஓய்வின்றி எரிய, காய்ச்சிய பாகின் மணமும் புதிதாய் வெள்ளையடித்த சுவர்களின் ஈரமணமும் கைகோத்துத் தெருக்களில் உலவின. மருத்துவமனையின் பின்சுவரை ஒட்டி ஒரு குறுந்தெரு இருந்தது. அத்தெருவின் மூன்றாம் வீட்டில், ஒரு கட்டிலின் அடியில், ஈரச்சாக்கு போர்த்திய இருபத்துநான்கு கண்ணாடிப் புட்டிகள், அடக்கி வைத்த பேச்சைப்போல் தம்முள் முணுமுணுத்துக் கிடந்தன.

படிப்பவரே, அந்த வீட்டில் ஓர் அண்ணனும் ஒரு தங்கையும் வாழ்ந்தார்கள். தங்கை நான்தான். எனினும் அவளை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். ஊரார் கூடிய அவையில் தலைகுனிந்து நிற்பவளை நேருக்கு நேர் நோக்க மனமின்றிப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதுபோல, நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவளை அப்படித்தான் என்னால் பார்க்க முடிகிறது. அண்ணன் இறந்து இன்றோடு பதினேழு நாள்.

தந்தையை அவள் அறியாள். தாய் மருத்துவமனையின் துணிகளை வெளுத்து, வெந்நீரிலும் காரத்திலும் வெந்து வெளுத்த கைகளால் இரு பிள்ளைகளையும் வளர்த்தவள். ஆண்டு முழுதும் வெறுந்தண்ணீரும் தேநீருமே புழங்கும் அவ்வீட்டில், விழா நாளுக்கென்று மட்டும் ஒரு பொங்குநீரைக் காய்ச்சுவாள். சர்க்கரையைக் கருகலாகுமுன் ஒரு கண நேரத்தில் இறக்கி, நசுக்கிய இஞ்சியை அதில் வேகவைத்து, ஆறியபின் எலுமிச்சை பிழிந்து, உலர்திராட்சையை எண்ணிப் போட்டு, மண்சாடியில் இரண்டு நாள் மூடி வைப்பாள். மூன்றாம் நாள் விடியலில் பிள்ளைகள் இருவரும் முகங்கழுவவும் மறந்து சாடியை எட்டிப் பார்ப்பார்கள். அடியில் கிடந்த திராட்சைகள், உறங்கி எழுந்த குழந்தைகளின் கன்னங்களைப்போல் உப்பி மேலே மிதந்தால் நீர் விளைந்தது என்று பொருள். உடனே அது புட்டிகளில் நிறைக்கப்பட்டு, தக்கை அடைக்கப்பட்டு, தக்கையின் மேல் நூல் கட்டப்பட்டுக் கட்டிலடிக்குப் போய்விடும். அதன்பின் ஐந்து மாலைகள், விளக்கேற்றும் நேரத்தில், ஒவ்வொரு தக்கையையும் சற்றே தளர்த்தி, உள்ளே திரண்ட காற்றை ‘உஸ்’ என்று வெளியேற்றி, மீண்டும் அழுத்திக் கட்ட வேண்டும். ஒரு மாலை தவறினால் நீர் சினங்கொள்ளும்; இரு மாலைகள் தவறினால் புளித்து, நெடியேறி, தக்கையைக் கூரைக்கு அனுப்பும். விரல்கள் சிறியன என்பதால் அவ்வேலை தங்கைக்கு ஒப்படைக்கப்பட்டது. புட்டியொன்று பெருமூச்சு விடுந்தோறும் அவளும் அதனோடு பெருமூச்சு விட்டு விளையாடுவாள்.

அவளுக்கு ஒன்பது அகவையில் தாய் மறைந்தாள். பதினேழே ஆன அண்ணன், மருத்துவமனையின் மருந்தறையில் புட்டி கழுவச் சேர்ந்து, சில ஆண்டுகளில் மருந்து கலப்பவனாய் உயர்ந்து, தங்கையைப் படிக்க வைத்தான். தாயோடு போயிருக்க வேண்டிய பொங்குநீரும் அவன் கையால் உயிர்த்திருந்தது. மருந்தறையில் கழித்துப் போடும் புட்டிகளை அவன் வீட்டிற்குக் கொணர்வான். அவற்றின் பக்கவாட்டில், ஒரு வேளைக்கு எவ்வளவு என்று நோயாளிக்குக் காட்ட, எட்டுப் பற்கள் வெட்டிய ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். மக்கள் அதனைக் ‘கோடு’ என்பர். அத்தாள்களை மயிரிழை பிசகாமல் வெட்டுவதில் அவன் வல்லவன். அதனால் நோயாளிகள் அவனுக்கு ‘அளவுக்காரர்’ என்று பெயரிட்டிருந்தார்கள். விழா நாளில் பெரிய மருத்துவரைப்போல் குரலைக் கனக்கச் செய்துகொண்டு அவன் புட்டியைத் தூக்குவான்.

“வேளைக்கு ஒரு கோடு. சிரிப்பு வந்தா நல்ல குணம். ஏப்பம் வந்தா பூரண குணம்.”

“குலுக்கிட்டுக் குடிக்கணுமா டாக்டர்?” என்பாள் தங்கை.

“ஐயையோ, குலுக்கினா கூரை போயிடும் குட்டி! உனக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடு. மிச்சக் கோடெல்லாம் யாரு வந்து கதவத் தட்டுறாங்களோ அவங்களுக்கு.”

அப்படியே கதவைத் தட்டியவர் எவராயினும், அஞ்சற்காரராயினும் குப்பை வண்டியிழுப்பவராயினும், ஒரு கோடு பெற்றே சென்றனர். வறுமை அவ்வீட்டில் குடியிருந்தது மெய்யே. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அது விருந்தாளியைப்போல் வாயிலில் ஒதுங்கி நின்றது.

இனி, கட்டிலடியில் புட்டிகள் முணுமுணுத்த அந்த மாலைக்கு மீள்வோம். தங்கைக்கு இருபத்துமூன்று அகவை. ஆற்றின் மறுகரையில், உயர்ந்த மதில்களும் வரிசை பிசகாத மரங்களும் கொண்ட பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியையாய்ச் சேர்ந்து, அங்குள்ள விடுதியிலேயே தங்கி, பத்துத் திங்கள் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிலையாகவில்லை. ஓராண்டு பார்த்துவிட்டு, விழா கழிந்தபின் முடிவு சொல்வதாய்த் தலைமையாசிரியை கூறியிருந்தார். உடன் பணியாற்றிய ஆசிரியையரின் தந்தையர் வழக்கறிஞரும் வணிகருமாய் இருக்க, அவள் தன் வீட்டைப்பற்றி எவரிடமும் வாய் திறந்தாளில்லை. ஒவ்வோர் ஆசிரியையும் விழாவிற்குத் தன் வீட்டிலிருந்து ஏதேனும் கொணர வேண்டும் என்றும், அவள் பங்கு பிள்ளைகளுக்குப் பருகுநீர் என்றும் தலைமையாசிரியை பணித்தபோது, கடையில் வாங்கித் தந்து முடித்துவிடவே அவள் எண்ணினாள். அண்ணன் விட்டானா!

“கடைச் சர்பத்தா? அது வெறும் கலர்த்தண்ணி. பிள்ளைங்க நாக்குதான் செவக்கும், வயிறு சிரிக்காது. நம்ம வீட்டுதுதான் போகணும்.”

“சரி அண்ணே, அந்தக் கோட்டுத் தாளையாவது உரிச்சிடுங்க. பாக்க மருந்து மாதிரியே இருக்கு.”

“உரிச்சா பங்கு எப்படி வைக்கிறது? ஒரு குழந்தைக்கு ஒரு கோடு. ஒருத்திக்குக் கூடவும் ஒருத்திக்குக் கொறையவும் ஊத்தினா அது விருந்தாடி?”

அவள் ஒன்றைச் சொல்ல நாணி, மற்றொன்றை ஏற்கவும் நாணி, இரண்டுங்கெட்டு நின்றாள். முதல் மூன்று மாலைகள் தக்கைகளை அண்ணனே தளர்த்தினான். கடைசி இரு மாலைகளில் அவனுக்கு மருந்தறையில் பணி நீண்டுவிட, விடுமுறைக்கு வீடு வந்திருந்த தங்கையிடம் அப்பொறுப்பைத் தந்து சென்றான். அவளோ விழா மேடையில் தான் நிகழ்த்தவிருந்த வரவேற்புரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கையில் இஞ்சி நெடி ஏறுமே, நாளை அந்தக் கையால் விருந்தினருக்கு மலர் தரவேண்டுமே என்று எண்ணி, சற்றுப் பொறுத்துச் செய்யலாம் என்று ஒத்திப்போட்டாள். முதல் மாலை அவ்வாறே கழிந்தது; இரண்டாம் மாலையும் அவ்வாறே கழிந்தது. களைத்து வந்த அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

“தளர்த்திட்டியா குட்டி?”

“ஆச்சு அண்ணே.”

இரண்டே சொற்கள். பொய்க்கு நீளம் தேவையில்லை என்பதை அன்று அவள் அறிந்திருக்கவில்லை.

மறுநாள் நண்பகலில், வாடகை வண்டியொன்றில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் புட்டிகளை உறங்கும் பிள்ளைகளைப்போல் அணைத்துப் படுக்கவைத்து, கற்கள் துருத்திய சாலையில் வெயிலில் குலுங்கியபடி அண்ணன் பள்ளிக்கு வந்து சேர்ந்தான். துவைத்துத் தேய்த்த சட்டை. காலர் மட்டும் பிரிந்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. வண்ணத்தாள் தோரணங்களும் வெண்துணி விரித்த மேசைகளும் நிறைந்த மண்டபத்தில், அவனைக் கண்டு ஓர் ஆசிரியை “யாரு இவரு?” என்று வினவ, தங்கை “கொண்டு வந்தவர்” என்றாள். அது பொய்யன்று. பொய்யினும் இழிந்த மெய் ஒன்று உண்டென்றால் அது அத்தகையதே.

முதல் மூன்று புட்டிகளை அண்ணன் நூலவிழ்த்தபோதே தக்கைகள் விரலைத் தள்ளின. அவன் புருவம் சுருங்கியது. ஆயினும் துணியால் பொத்தி மெல்லத் திறந்து, வரிசையில் நின்ற சிறுமியருக்குக் கோடு பிசகாமல் ஊற்றினான். மூக்கில் நுரையேறித் தும்மிய சிறுமியைக் கண்டு அடுத்தவள் சிரிக்க, அவளைக் கண்டு வரிசையே சிரித்தது. “நல்ல குணம், நல்ல குணம்” என்று மருத்துவர் குரலில் அவன் சொல்ல, சிறுமியர் மீண்டும் சிரித்தனர். அச்சிரிப்பொலி கேட்டு, விழாவிற்குத் தலைமை தாங்க வந்திருந்த கல்வி மேற்பார்வையாளர் தலைமையாசிரியையோடு அம்மேசையை நெருங்கினார். அண்ணன் நான்காம் புட்டியின் நூலைத் தொட்டான்.

தொட்டதுதான் தாமதம். வேட்டுப்போல் வெடித்துப் பறந்த தக்கை விளக்குக் குமிழில் பட்டுத் தெறிக்க, பழுப்பு நுரை சீறியெழுந்து மேற்பார்வையாளரின் வெள்ளை மேலங்கியை மார்பு முதல் மடி வரை நனைத்தது. மண்டபம் எங்கும் புளிப்பேறிய கடுநெடி பரவியது. சிறுமியர் கைதட்டிக் களித்தனர். பெரியோர் எவரும் அசையவில்லை. நெடி பிடித்து மூக்கைச் சுளித்த மேற்பார்வையாளர், “என்னம்மா, பள்ளிக்கூடத்துல சாராயம் ஊத்திக் குடுக்குறீங்களா?” என்றார். அது நகையாட்டா, சினமா என்று எவர்க்கும் விளங்கவில்லை. தலைமையாசிரியையின் பார்வை புட்டியின் மேல் ஒட்டிய கோட்டுத்தாளில் விழுந்து, பிரிந்த காலரில் ஏறி, தங்கையின் முகத்தில் வந்து நின்றது.

“டீச்சர், உங்க வீட்டுலேருந்துதானே வந்தது? இதுல என்ன கலந்திருக்கு?”

ஒரே ஒரு சொல் போதும். இஞ்சி என்று சொல்லியிருக்கலாம். தக்கையைத் தளர்த்த மறந்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்முன் நிலையாக்கத் தாளும், விடுதியின் சன்னலும், வழக்கறிஞர் மகளின் ஏளனப் புன்னகையும் மின்னி மறைந்தன.

“சொல்லிச் செய்ய வச்சதுதான். ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறவர். என்ன கலந்தாருன்னு எனக்குத் தெரியாது.”

அண்ணன் அவளைப் பார்த்தான். படிப்பவரே, அந்தப் பார்வையில் சினம் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் அதனைச் சுமப்பது எளிதாயிருக்கும். இரு மாலைகளும் தக்கைகள் தளர்த்தப்படவில்லை என்பதை அவன் விரல்கள் முன்பே உணர்ந்திருந்தன. அதனை அவனும் அறிந்திருந்தான், அவன் அறிந்ததை அவளும் அறிந்திருந்தாள். அவன் துணியை மடித்துத் தோளில் இட்டுக்கொண்டு, தலைமையாசிரியையிடம் பணிவாய்ச் சொன்னான்.

“இஞ்சியும் எலுமிச்சையும்தாங்க அம்மா. வேற ஒண்ணும் இல்ல. தப்பு என்னுதுங்க, பக்குவம் தவறிப்போச்சு. அவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க.”

‘அவங்களுக்கு.’ தோளில் சுமந்து, தலைவாரி, சளி துடைத்து, பிறந்த நாள் முதல் ‘நீ’ என்றும் ‘குட்டி’ என்றும் ‘வாடி போடி’ என்றும் அழைத்த வாய், அவளைக் காக்கும்பொருட்டு அன்று அவளை அயலாள் ஆக்கிற்று. மிஞ்சிய இருபது புட்டிகளையும் அவன் ஒருவனே தூக்கி வண்டியில் ஏற்றினான். ஒரு கோடும் பெறாத சிறுமியர் வரிசையில் நின்றபடியே இருந்தனர். சற்று நேரத்தில் மேடையேறிய அவள், ஒரு சொல்லும் பிழையாமல் வரவேற்புரை நிகழ்த்தினாள்.

பள்ளியிலிருந்து மருத்துவமனைக்கு ஒரு மடல் சென்றது. மருந்துப் புட்டிகளில் சிறுமியர்க்கு மயக்கநீர் வழங்கப்பட்டது என்றும், அதற்கான சாராயம் மருந்தறையிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம் என்றும் அதில் இருந்ததாம். இது அவளுக்குப் பின்னரே தெரியவந்தது. மூன்றாம் நாள் முற்பகலில், கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், சன்னல் வழியே நோக்க, மதில்வாயிலின் கல்லிருக்கையில் அண்ணன் அமர்ந்திருக்கக் கண்டாள். மடியில் குடை, சட்டைப்பையில் மடித்த வெள்ளைத்தாள் ஒன்றின் நுனி. மணி அடிக்குமட்டும் அவன் அசையாதிருந்தான். அவள் விரைந்து சென்று, நாற்புறமும் நோக்கியபடி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“என்ன அண்ணே, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல குட்டி. ஒரு சின்ன…”

“யாராவது பாத்துடப் போறாங்க அண்ணே. அடுத்த கிளாஸ் இருக்கு.”

அவன் அவளை ஒருகணம் நோக்கினான். பிறகு குடையை நீட்டினான். “வீட்டுல மறந்துட்டுப் போயிட்ட. மழை வர்ற மாதிரி இருக்கேன்னு கொண்டாந்தேன்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வானத்தில் ஒரு முகிலும் இல்லாத அந்நண்பகலில், மரநிழல்களினூடே நடந்து மறைந்தான்.

அவள் வேலை நிலையாயிற்று. அவன் வேலை போயிற்று. ஆளைக் குறைத்துவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னான். அவளும் நம்புவதுபோல் தலையசைத்தாள். பின்னர் ஆலையொன்றில், பிறர் காய்ச்சிய வண்ணநீருக்குப் புட்டி கழுவும் வேலையில் அமர்ந்து, முப்பது ஆண்டுகள் விரல்நுனி வெளுத்துச் சுருங்க உழைத்தான். தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணை மணந்தான். தங்கைக்கும் மணமாயிற்று, மக்கள் பிறந்தனர். ஒவ்வோர் ஆண்டும் விழாவிற்கு முன் அவன் கையால் ஒரு புட்டி வரும், கோட்டுத்தாள் ஒட்டியபடியே. அவள் கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கொரு கோடு பருகி ஏப்பம் விட்டுச் சிரிப்பார்கள். “பல் கூசுது, எனக்கு வேண்டாம்” என்பாள் அவள். ஆண்டுதோறும் அதே பல். ஆண்டுதோறும் அதே கூச்சம்.

இவ்வாண்டும் அவன் காய்ச்சினான். திராட்சை மிதந்தது கண்டு, பதினெட்டுப் புட்டிகளில் நிறைத்து, நூல் கட்டி, இரு மாலைகள் தளர்த்தி, மூன்றாம் நாள் காலையில் நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் துறந்தான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், துயர் கேட்க வந்தோரெல்லாம் கலைந்தபின், அண்ணி அவளைக் கட்டிலருகே அழைத்துச் சென்றாள்.

“இத என்ன பண்றதுன்னு பாரும்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது, அவரு என்னைய அடுப்பங்கரைக்குள்ள விட்டாத்தானே! நேத்து மத்தியானம் ஒண்ணு வெடிச்சு, துக்கத்துக்கு வந்தவங்க பாதிப்பேரு எழுந்து தெருவுக்கு ஓடிட்டாங்க. அவரு இருந்திருந்தா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சிருப்பாரு.”

சொல்லிச் சிரித்த அண்ணி, சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். விளக்கேற்றும் நேரம். தங்கை தரையில் அமர்ந்து, முதற்புட்டியை மடியில் கிடத்தி, நரம்பு புடைத்த விரல்களால் நூலை அவிழ்த்து, துணியால் பொத்தித் தக்கையை மெல்லத் தளர்த்தினாள். ‘உஸ்’ என்று அது நீண்ட மூச்சு விட்டது. அருகமர்ந்த அண்ணி பேசிக்கொண்டே இருந்தாள்.

“பழைய கதையெல்லாம் நெனப்பு வருதும்மா. அந்த ஆஸ்பத்திரி வேலை போச்சே, போயிருக்கவே வேணாம் தெரியுமா? பெரிய டாக்டரு நல்ல மனுசன். ‘உன் தங்கச்சி அங்க டீச்சர்தானே, இதுல சாராயம் இல்ல, எங்க வீட்டுல வழக்கமாச் செய்யறதுதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வா, நான் பாத்துக்கறேன்’னாராம். இவரு தாளும் கையுமாப் போனாராம். போய்ட்டு சும்மா வந்துட்டாராம். ஏங்க கேக்கலன்னு நான் எத்தன தடவ சண்டை போட்டிருப்பேன்! ‘அவ கிளாஸ் எடுத்துக்கிட்டிருந்தா, தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்’னே சொல்லுவாரு. ஒரு வரி எழுத எத்தன நேரம் ஆகும்? கேட்டிருந்தா நீ குடுத்திருக்க மாட்டியா?”

ஏழாம் புட்டி அவள் மடியில் இருந்தது. அதன் தக்கையின்மேல் விரல்கள் நின்றுவிட்டன. மதில்வாயிலின் கல்லிருக்கையும், முகிலற்ற வானமும், சட்டைப்பையில் மடித்த தாளின் வெள்ளை நுனியும் அவள்முன் எழுந்து நின்றன.

“குடுத்திருப்பேனான்னு எனக்கே தெரியல அண்ணி,” என்றாள்.

பிறகு அனைத்தையும் சொன்னாள். தளர்த்தாத இரு மாலைகளையும், ‘ஆச்சு அண்ணே’ என்ற பொய்யையும், ‘கொண்டு வந்தவர்’ என்றதையும், ‘தெரியாது’ என்றதையும், மழையில்லா நாளின் குடையையும், ஒன்றும் விடாமல், தன்னைக் காக்கும் சொல் ஒன்றும் சேர்க்காமல் சொன்னாள். சொல்லி முடிந்தபின், மடிமேல் கிடந்த நூலைச் சுற்றிக்கொண்டே அண்ணி ஒன்றே ஒன்று கூறினாள்.

“அவரு இருக்கும்போது சொல்லியிருக்கலாம்.”

மன்னிப்பும் அன்று, பழிப்பும் அன்று அது. கோடு பிசகாத அளவு. பின்னர் அண்ணி எழுந்து சென்று இரு குவளைகள் கொணர்ந்தாள். தங்கை, புட்டியைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஆளுக்கு ஒரு கோடு ஊற்றினாள். நாற்பது ஆண்டுகளுக்குப்பின் நாவில் பட்ட அந்நீர், இஞ்சியாய்ச் சுட்டு, பாகாய்க் குளிர்ந்து, மூக்கில் நுரையேறி, கண்ணில் நீராய் முடிந்தது. பல் கூசவில்லை.

அந்தப் பெரிய மருத்துவர் இன்று இல்லை, தலைமையாசிரியை இல்லை, வெண்மேலங்கி நனைந்தவரும் இல்லை, கேட்க வந்து கேளாது திரும்பியவனும் இல்லை. பெறுவார் எவருமில்லாத அந்த ஒரு வரியை, படிப்பவரே, உம் கையில் தருகிறேன். காலங்கடந்த மடலைக் கண்ணியமுள்ளோர் கையில் ஒப்படைப்பதன்றி எனக்கு வேறு வழியில்லை. அதில் சாராயம் இல்லை. அது எங்கள் வீட்டில், எங்கள் தாய் காய்ச்சிய முறைப்படி, என் அண்ணன் காய்ச்சியது. தக்கையைத் தளர்த்தாதவள் நான்.